இருட்டில் விட்ட முகம்

தெருவில் அவளை மைக்காரி என்றுதான் சொல்வார்கள். பெரிய மனிதர்களைக் கேலியாக மரப்பலகையில் செதுக்கி, மை தடவி, வாரப் பத்திரிகைக்கு அச்செடுத்துக் கொடுப்பது அவளுக்கு இருபத்திரண்டு வருடப் பிழைப்பு. செதுக்கிய இடம் வெள்ளை, விட்டுவைத்த இடம் கருப்பு. இந்த இரண்டை வைத்துக்கொண்டே எத்தனையோ பேரின் தூக்கத்தைக் கெடுத்திருக்கிறாள். உனக்கு எதற்கடி ஊர் வம்பு என்று சித்தி அலுத்துக்கொள்வாள். வம்பு இல்லாவிட்டால் மைக்காரிக்குச் சோறு இறங்காது.

போன மாதம் ஆஸ்பத்திரியில் மருந்துப் பெட்டிகள் காணாமல் போயின. எடுத்தது ஆஸ்பத்திரித் தலைவர்தான் என்பது வாசல் காவலாளிக்குக்கூடத் தெரியும். மைக்காரிக்குக் கை பரபரத்தது. ஆனால் அதே ஆஸ்பத்திரியின் மருந்துக் கிடங்கில்தான் அவளுடைய அண்ணன் குமாஸ்தா. தலைவரின் முகத்தைப் போட்டால் அண்ணன் வேலைக்கு உலை வைத்தது போலாகிவிடும். அதனால் முகத்தை முழு இருட்டில் விட்டுவிட்டு, மேசை விளக்கின் கீழே பெட்டியை அணைத்திருக்கும் கையை மட்டும் வெளிச்சமாகச் செதுக்கினாள்.

நிழல் எப்படி விழும் என்று பார்க்க அவளுக்கு எப்போதும் எதிரே ஓர் ஆள் வேண்டும். அன்று அகப்பட்டவன் அண்ணன். "கொஞ்ச நேரம் கைய அசைக்காம இரு" என்று விளக்கடியில் உட்காரவைத்தாள். கண் பார்த்ததை எல்லாம் உளி செதுக்கியது, சின்ன வயதில் கதவிடுக்கில் நசுங்கி வளைந்துபோன சுண்டுவிரல் உட்பட.

அவளுக்கு அது உறைக்கவே இல்லை. பத்திரிகை வந்ததும் ஆஸ்பத்திரியில் எல்லோருக்கும் உறைத்தது. தலைவரே படத்தைக் கத்தரித்து அறிவிப்புப் பலகையில் ஒட்டிவிட்டு, அண்ணனைக் கூப்பிட்டனுப்பினார்.

"எனக்கு வளைஞ்சிருக்கறது வலது கை சார். படத்துல இருக்கறது இடது கை."

"அச்சுல எல்லாம் இடம் வலம் மாறித்தானப்பா விழும்? தங்கச்சி சொல்லலையா?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அன்று மத்தியானமே திருடன் என்ற பட்டத்தோடு அண்ணன் வீட்டுக்கு வந்துவிட்டான்.

மறுநாள் மைக்காரி தலைவர் முன்னால் போய் நின்றாள். "அது எங்கண்ணன் இல்ல. நீங்கதான்" என்று நேருக்கு நேராகவே சொன்னாள்.

அவர் கோபப்படவில்லை. அறிவிப்புப் பலகையில் இருந்த படத்தைக் காட்டி, "இதுல என் முகம் எங்கம்மா இருக்கு?" என்று கேட்டார்.

வீட்டுக்கு வந்ததும் அதே பலகையை எடுத்துப் போட்டுக்கொண்டு, கருப்பாக விட்ட இடத்தில் உளியை வைத்தாள். நெற்றி வந்தது, இரட்டைத் தாடை வந்தது, மூக்கு வந்தது. கையைத்தான் ஒன்றும் செய்ய முடியவில்லை. செதுக்கி எறிந்த மரம் திரும்ப முளைக்கவா போகிறது.

அண்ணன் பின்னால் வந்து நின்று பார்த்தான்.

"இத முதல்லயே செதுக்கியிருக்கலாம்ல?"

"உனக்காகத்தான் விட்டேன்."

"தெரியும். அதான் உன்னத் திட்டக்கூட முடியல."

அவள் குனிந்து வேலையைப் பார்த்தாள். புருவத்தின் நிழல் சரியாக விழவில்லை. இத்தனை வருடப் பழக்கம், யோசிக்காமல் விளக்கை அவன் பக்கம் திருப்பினாள்.

அண்ணன் வலது கையைச் சட்டென்று முதுகுக்குப் பின்னால் இழுத்துக்கொண்டான்.