சூறையில் பறந்த நோட்டீஸ்

என் முதல் புத்தகம் எத்தனை பிரதி விற்றது என்று சொல்ல இன்றைக்கும் கூச்சமாக இருக்கிறது. கட்டுக் கட்டாக என் கட்டிலுக்கு அடியில் கிடந்தது. அம்மா இடம் போதவில்லை என்று அதன் மேல் வெங்காயத்தைப் பரப்பி வைத்திருந்தாள். நகைச்சுவைப் புத்தகம்தான். எழுதினவன் முகத்தில் மட்டும் சிரிப்பைக் காணோம்.

எழுதினவன் நான்தான் என்று வெளியே சொல்லி விற்கவும் முடியாது. அப்போது நான் சங்கரன்கோவிலில் தாலுகா கச்சேரியில் தற்காலிகக் குமாஸ்தா. சர்க்கார் சம்பளம் வாங்குகிறவன் மேலிடத்து அனுமதி இல்லாமல் புத்தகம் போடக்கூடாது. அனுமதி கேட்டால் என்ன எழுதியிருக்கிறாய், கொண்டா பார்ப்போம் என்பார்கள். அதில் மூன்று கதை கச்சேரியைக் கிண்டல் செய்து எழுதியது. ஆகவே புனைபெயரில் போட்டேன். விஷயம் பிரஸ்காரருக்கும் எனக்கும் மட்டுமே தெரியும். தெரிந்தால் மறுநாளே வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள்.

பிரஸ்காரர்தான் நோட்டீஸ் யோசனை சொன்னார். "நாடகத்துக்கு அடிச்சது போக செவப்புத் தாளு மிச்சம் கெடக்கு. அதுல போட்டுத் தாரேன். புத்தகத்துல இருந்து நாலு வரி எடுத்துக் குடும். படிச்சவன் சிரிச்சிட்டே வாங்க வருவான்" என்றார். எனக்கும் சரியென்று பட்டது. எந்த நாலு வரி என்று நான் ரொம்ப யோசிக்கவில்லை. புத்தகத்திலேயே அதிகம் சிரிப்பு வரும் இடம் அப்பாவின் குடைதான்.

அப்பாவிடம் ஒரு குடை இருந்தது. போகிற இடமெல்லாம் அது கக்கத்தில் போகும். துணி உறை போட்டு, வாயை நூலால் கட்டியிருப்பார். மழை வந்தால் குடை நனைந்துவிடும் என்று அதை வேட்டிக்குள் சொருகிக்கொண்டு அவர் நனைவார். இதை நான் யாரோ ஒரு பெரியவர் கதையாக மாற்றி, இன்னும் கொஞ்சம் இழுத்து, 'அவர் வீட்டில் மழைக்குப் பயப்படுவது குடை ஒன்றுதான்' என்று எழுதியிருந்தேன். அந்தக் குடையை அவர் எனக்கு வேலை கேட்டுப் பெரிய மனிதர்கள் வீட்டுக்குப் போவதற்காக வாங்கினார். வெறுங்கையோடு போய் நின்றால் காட்டான் என்று நினைப்பார்களாம். இதைப் புத்தகத்தில் எழுதவில்லை. எழுதியிருந்தால் யார் சிரிப்பார்கள்?

அப்பாவுக்கு எழுத்து வாசனை கிடையாது. ராத்திரியில் நான் எதையோ எழுதிக்கொண்டிருப்பது தெரியும். கட்டிலுக்கு அடியில் இருக்கிற கட்டுகளும் தெரியும். என்ன ஏதென்று ஒரு நாளும் கேட்டதில்லை.

ஆடித்தபசுத் திருவிழா வந்தது. அம்பாளுக்குச் சுவாமி காட்சி கொடுக்கும் நேரத்தில், சுற்றுப்பட்டிச் சம்சாரிகள் தங்கள் காட்டில் விளைந்த பருத்தி, மிளகாய் வத்தல், சோளம் எல்லாவற்றையும் சப்பரத்தைப் பார்த்து வீசுவார்கள். சூறை விடுவது என்பார்கள். கீழே விழுவதைப் பொறுக்கி மடியில் கட்டிக்கொண்டு போக ஒரு கூட்டம் நிற்கும். என் புத்திக்கு அங்கேதான் கோளாறு வந்தது. சும்மா கொடுத்தால் நோட்டீஸைக் கசக்கிப் போடுவான். சூறையோடு விழுந்தால் பத்திரமாக வீட்டுக்குக் கொண்டுபோவான் அல்லவா? எங்களுக்கு மேலநீலிதநல்லூர்ப் பக்கம் மானாவாரிக் காடு. வருஷா வருஷம் அப்பா ஒரு சின்னச் சாக்கில் பருத்தியும் வத்தலும் கொண்டுவந்து சூறை விடுவார். நான் சாக்கின் அடியில் நோட்டீஸ்களைப் போட்டு, மேலே பருத்தியை அமுக்கினேன். அப்பா வீசி முடித்ததும் சாக்கை வாங்கி, கூட்டத்தின் ஓரத்துக்குப் போய், யாரும் பார்க்காமல் நானே உதறிவிடுவதாகத் திட்டம்.

சாயங்காலம் சாரல் விழுந்துகொண்டிருந்தது. தபசு மண்டபத்துக்கு முன்னால் நிற்க இடமில்லை. அப்பா குடையைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, "ஏலே, சாக்கப் புடி, வேட்டிய இறுக்கிக் கட்டிக்கிடுதேன்" என்றார். கட்டிக்கொண்டு சாக்கைத் திரும்ப வாங்கினார். அந்த நேரம் பார்த்துப் பின்னாலிருந்து ஒரு தள்ளு. கூட்டத்தைத் தடுக்கக் கட்டியிருந்த வடக்கயிற்றுக்கு அவர் அந்தப் பக்கம் போய்விட்டார். நான் இந்தப் பக்கம் மாட்டிக்கொண்டேன்.

அப்போதுதான் அவருக்குப் பக்கத்தில் நின்ற போலீஸ் ஏட்டைப் பார்த்தேன். அந்த வருஷங்களில் ஒரு கட்சிக்குத் தடை போட்டிருந்தார்கள். அதன் ஆட்கள் தலைமறைவாக இருந்தார்கள். சந்தை, திருவிழா என்று கூட்டம் கூடுகிற இடங்களில் அவர்களுடைய நோட்டீஸ் திடீரென்று பறக்கும். போலீஸ் வந்து கையில் கிடைத்தவனை அள்ளிக்கொண்டு போகும். அவர்களுடைய நோட்டீஸும் சிவப்பு, என்னுடையதும் சிவப்பு. பிரஸ்காரருக்குத்தான் தோன்றவில்லை, கச்சேரியில் உட்கார்ந்து தினமும் இதே பேச்சைக் கேட்கிற எனக்குமா தோன்றாமல் போக வேண்டும்? என்னை நானே அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது.

சுவாமி வந்துவிட்டார். ஒரே இரைச்சல். அப்பா ஒரு கை பருத்தியை எடுத்து வீசினார். இன்னொரு கை. "அப்பா, போதும்பா" என்று கத்தினேன். அது எனக்கே கேட்கவில்லை. கயிற்றைத் தாண்டப் பார்த்தேன், யாரோ தோளைப் பிடித்துப் பின்னால் இழுத்தார்கள். அவர் கை சாக்குக்குள் முழங்கை வரைக்கும் போயிற்று. வத்தல் வந்தது. அதையும் வீசினார். இனி நிறுத்திவிடுவார் என்று நினைத்தேன். அவர் கண்ணை மூடிச் சாக்கை இரண்டு கையாலும் தலைக்கு மேல் தூக்கி, அடியைப் பிடித்துக் கவிழ்த்து உதறினார்.

சிவப்புத் தாள்கள் சப்பரத்தின் மேலும் ஜனங்களின் தலையிலும் விழுந்தன. இரண்டு போலீஸ்காரர்கள் பாய்ந்து வந்தார்கள். ஏட்டு அப்பாவின் கையை முறுக்கிப் பிடித்தார். குடை கீழே விழுந்தது.

"என்ன வே இது? எவன் குடுத்து அனுப்பினான்?"

"பருத்தி, ஏட்டய்யா" என்றார் அப்பா. அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை.

"தாளக் கேக்கேன்."

"நான் கைநாட்டு ஏட்டய்யா. எனக்கு என்ன தெரியும்?"

நான் நாலு கஜம் தள்ளி நின்றேன். 'அது என்னுடையது' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். சொன்னால் வேலை போகும், ஒருவேளை ஸ்டேஷனுக்கும் போக வேண்டிவரும். ஏட்டே படித்துப் பார்க்கட்டும், சிரிப்புப் புத்தகம் என்று தெரிந்தால் விட்டுவிடுவார் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

ஏட்டு படித்தார், அதுவும் எல்லோருக்கும் கேட்கும்படி உரக்க. குடையின் உறை, வாயில் கட்டிய நூல், வேட்டிக்குள் சொருகுவது, அவர் வீட்டில் மழைக்குப் பயப்படுவது குடை ஒன்றுதான் என்பது வரை. அப்பா தலை முழுக்க நனைந்து நிற்கிறார். காலடியில் உறை போட்ட குடை. எங்கள் ஊர்க்காரர் ஒருவர் முதலில் சிரித்தார். அப்புறம் எல்லோரும் சிரித்தார்கள். ஏட்டும் சிரித்துவிட்டார். நான் எழுதி அத்தனை பேர் சிரித்து அதற்கு முன்னால் நான் பார்த்ததில்லை.

அப்பா சிரிப்பவர்களை ஒவ்வொருவராகப் பார்த்தார். புரிந்துவிட்டது என்பது அவர் முகத்தில் தெரிந்தது. ராத்திரி விளக்கு, கட்டிலுக்கு அடியில் கட்டு, எல்லாம் அவருக்கு அந்த நிமிஷம் புரிந்துவிட்டது.

"ஒம்மப் பத்தில்லா எழுதியிருக்கான்" என்றார் ஏட்டு. "எழுதினவன் யாரு? தெரிஞ்ச ஆளா?" என் புனைபெயரைப் படித்துக் காட்டினார்.

அப்பாவின் பார்வை என் மேல் வந்தது. ஒரு கணம் நின்றது.

"தெரியாத ஆளு" என்றார்.

"பொறவு எப்படி ஒம்ம சாக்குல வந்துச்சு?"

"சாக்கு என்னதில்ல ஏட்டய்யா. பஜார்ல கேட்டு வாங்கினது."

ஏட்டு கையை விட்டுவிட்டார். சப்பரம் நகர்ந்தது, கூட்டமும் அதன் பின்னால் போயிற்று. நான் அங்கேயே நின்றேன். அப்பா போகவில்லை. குனிந்து ஒவ்வொரு நோட்டீஸாகப் பொறுக்கிச் சாக்கில் போட்டுக்கொண்டிருந்தார். "எதுக்கு அண்ணாச்சி இதப் பொறுக்குதீரு?" என்று ஒருவர் கேட்டார். "சாமி வார பாதைல்லா" என்றார். யார் கையிலாவது கிடைத்து, விசாரித்து, கச்சேரி வரைக்கும் வந்துவிடக் கூடாது என்றுதான் பொறுக்குகிறார் என்று எனக்குத் தெரிந்தது. நானும் குனிந்து பொறுக்கியிருக்கலாம். ஏட்டு இன்னும் மண்டபத்துப் படியில் நின்றுகொண்டிருந்தார். நான் குனியவில்லை.

பொறுக்கிக்கொண்டே என் பக்கத்தில் வந்தார். என் செருப்புக்கு அடியில் ஒரு தாள் மாட்டியிருந்தது. நிமிர்ந்து என் முகத்தைப் பார்க்காமல், முன்பின் தெரியாதவரிடம் பேசுகிற குரலில் சொன்னார்.

"தம்பி, கொஞ்சம் காலை எடுங்க."

எடுத்தேன்.