அம்மாவின் முகத்தில் திருத்தங்கள்

என் வீட்டுக்காரர் செத்தவர்களைப் படம் வரைகிறவர். முகம் சுளிக்காதீர்கள், ஊரில் அதுதான் எங்களுக்குச் சோறு போட்டது. கையகலப் போட்டோவைக் கொண்டுவந்து கொடுப்பார்கள், இவர் பெரிதாக வரைந்து தருவார். படம் முடிகிற அன்று கடையில் குடும்பமே வந்து நிற்கும். "மூக்கு இன்னும் கொஞ்சம் தடிமன்" என்பாள் மருமகள். "எங்கம்மா மூக்கு எனக்குத் தெரியாதா?" என்று மகன் எகிறுவான். இவர் வாயைத் திறக்காமல் தூரிகையோடு காத்திருப்பார். "பார்த்தவங்க சொல்றதுதான் முகம், என்னோடது கை மட்டும்தான்" என்பார். அந்தப் பொறுமையெல்லாம் கடையோடு சரி. வீட்டில் காபியில் சர்க்கரை குறைந்தால் வீடு ரெண்டாகும்.

இந்த நாட்டுக்கு வந்தபின் பகலில் அடுக்குமாடி வீடுகளுக்கு வெள்ளை அடிக்கும் வேலை. சாயங்காலம் சமையலறை மேசையில் முகங்கள். சாவுக்குப் போக முடியாத நம்மாட்கள் போனில் ஒரு மங்கலான படத்தோடு வருவார்கள். மூக்கு சரியா என்று கேட்டால் திருதிருவென்று முழிப்பார்கள். "நீங்களே பார்த்துப் போடுங்கண்ணே" என்பார்கள். அவர்களுக்கே மறந்து போயிருந்தது. திருத்த ஆளில்லாமல் இவர் கை மெல்ல மாறியது. கன்னங்கள் நிரம்பின, சுருக்கங்கள் போயின, நரை கறுத்தது. "நான் கிளம்பி வந்த அன்னைக்கு இப்படித்தான் இருந்தார்" என்று வாங்கிப்போகிறவர்கள் அழுதார்கள். இங்கே வந்தவர்களில் யாருடைய அப்பா அம்மாவுக்கும் வயதே ஏறவில்லை. நல்லாப் பொய் சொல்கிறீர்கள் என்று நான் கிண்டல் செய்வேன். சிரித்துக்கொள்வார்.

அப்புறம் என் மாமியார் போய்ச் சேர்ந்தார்.

எங்கள் குடியேற்ற வழக்கு இன்னும் முடியவில்லை. போனால் திரும்பி வர முடியாது. இவர் பெட்டியை இறக்கிக் கட்டில்மேல் வைத்தார், பிறகு தூக்கி அலமாரிமேலேயே வைத்துவிட்டார். எனக்கு வந்த ஆத்திரத்தில் இந்த நாட்டையே திட்டித் தீர்த்தேன்.

அம்மாவின் முகத்தை அவர் ஒன்பது வருஷமாகப் பார்த்ததில்லை. வீடியோவில் கூப்பிட்டால் மாமியார் போனைக் காதில் வைத்துக்கொள்வார். முகத்தைக் காட்டச் சொன்னால், "காட்ட என்ன இருக்கு, நீ சாப்பிட்டியா?" என்பார். நோயில் கிடக்கிற முகம் மகன் கண்ணில் படவேண்டாம் என்று போட்டோ எடுக்கவும் விட்டதில்லை. எங்களுக்கு அந்தக் காது மட்டும்தான் தெரியும்.

வேலைக்கு லீவு போட்டுவிட்டு அம்மாவை வரைந்தார். பளபளக்கும் கன்னம், படிய வாரிய தலை, பல்வரிசை தெரிகிற சிரிப்பு. பார்த்ததும் எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. படம் ஊரில் இருக்கிற இவருடைய அக்காவுக்கு. கடைசிவரை மாமியாரைப் பார்த்துக்கொண்டவள் அவள்தான். அனுப்புவதற்கு முன்னால் வீடியோவில் காட்டினார்.

அக்கா போனைக் கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோய்ப் பார்த்தாள்.

"கோச்சுக்காதடா. இது நீ கிளம்பிப் போனப்ப இருந்த அம்மா. நான் தூக்கி உட்கார வச்ச அம்மா இது இல்ல."

நானாக இருந்தால் சண்டைக்குப் போயிருப்பேன். இவர் தூரிகையை எடுத்தார். "சொல்லுக்கா. திருத்தறேன்."

அக்கா சொன்னாள். பல்லெல்லாம் போயிடுச்சு. கன்னம் ஒட்டிப்போச்சு. படுக்கையிலேயே கிடந்ததால தலைமுடிய நான்தான் ஒட்ட வெட்டினேன். இடது கண்ணு பாதிதான் திறக்கும். சொல்லச் சொல்ல இவர் துடைத்தார், மேலே பூசினார். சிரிப்பு போனது. வாய் உள்வாங்கியது.

"இன்னும் ஒட்டணுமாக்கா?"

"இன்னும் கொஞ்சம்."

போதும், நிறுத்துங்கள் என்று கத்த வேண்டும் போலிருந்தது. திடீரென்று அக்கா வெடித்து அழுதாள். "இதான்டா அம்மா. அப்படியே இருக்காடா."

இவர் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என் பக்கம் திரும்பி மெதுவாகக் கேட்டார். "அம்மாவா இது?"

எனக்கும் தெரியவில்லை.

படம் ஊருக்குப் போய்விட்டது. நம் வீட்டுக்கும் ஒன்று வரையுங்கள், உங்களுக்குத் தெரிந்த அத்தையை வரையுங்கள் என்றேன். உட்கார்ந்தார். ஒரு கோடுகூட விழவில்லை.

"கண்ண மூடினா அந்த முகம்தான் வருது" என்றார். "எனக்குத் தெரிஞ்ச அம்மா மேல நானே பூசிட்டேன்."