பகல் தூக்கத்துக்கு ஒரு கூரை

நைட் ஷிஃப்ட் ஆளைக் கட்டிக்கிட்டவகிட்ட ஒரு நாள்ல முக்கியமான நேரம் எதுன்னு கேட்டா, மத்தியானம் ரெண்டு மணின்னுதான் சொல்லுவா. என் வீட்டுக்காரர் நிலக்கரி மைன்ஸ்ல மண் ஏத்தற பெரிய வண்டி ஓட்டறார். ராத்திரி பூரா ஓட்டிட்டு வந்து பகல்ல தூங்கணும். கம்பெனி குவார்ட்டர்ஸ்ல இருந்த வரைக்கும் அதுக்கு ஒரு குறையும் இல்ல. சுத்தி மரம், கரண்ட்டும் போகாது. எங்க ப்ளாக்கைக் காலி பண்ணச் சொன்னதும் கம்பெனி வேலிக்கு வெளிய சொந்தமா ஒரு வீடு கட்டி, மேல தகர ஷீட்டு போட்டோம். அங்கதான் சனி புடிச்சுது.

கரியை எரிச்சு ஊருக்கெல்லாம் கரண்ட் குடுக்கற ஊரு இது. வேலிக்கு இந்தப் பக்கம் மத்தியானம் ஆனா எங்களுக்குக் கரண்ட் இருக்காது. ஏசி வாங்கினோம், அது சுவத்துல சும்மா தொங்கிக்கினு இருந்துச்சு. ஃபேன் நின்ன ரெண்டாவது நிமிஷம் மனுஷன் வேர்வையோட எழுந்து உக்காந்துடுவார். ஒரு நாள் காலைல வந்தவர் ஷூவைக்கூட கழட்டாம வாசப்படியிலயே உக்காந்துட்டார். "வண்டி ஓட்டிக்கினு இருக்கும்போதே கண்ணு சொருகிடுச்சு. முழிச்சுப் பாத்தா பள்ளத்து ஓரம்" அப்படின்னார். 

அன்னைக்கே கூரைக்கு வழி தேட ஆரம்பிச்சேன். வெள்ளை பெயின்ட் அடிச்சாப் போதும்னார் அவர். அடிச்சோம், ஒரு மழைக்குத் தாங்கல. தெர்மாகோல் வெச்சா எலி குடித்தனம் பண்ணும். அப்பதான் பண்ருட்டியில முந்திரி குடோன்ல வேலை செய்யற எங்க அக்கா சொன்னா, அவங்க குடோன் ஷீட்டுக்கு அடியில ஸ்ப்ரே ஃபோம் அடிச்சிருக்காங்கன்னு. துப்பாக்கி மாதிரி ஒண்ணால அடிப்பாங்களாம், நுரையா உப்பி அப்படியே இறுகி, வெயில் சூட்டை உள்ள விடாதாம்.

அந்த ஃபோம் அடிக்கறவர் காலைல ஏழு மணிக்கு வந்து, வீடு ஊட்டியாட்டம் ஆயிடும்னார். ஏழு மணிக்கு எந்த வீடுதான் சுடும்? எனக்கு ரெண்டு மணிக் கணக்குதான் வேணும்னு சொல்லிட்டு, உச்சி வெயில்ல அந்த குடோன்லயே போய் உக்காந்தேன். இருந்த குளுமையில, முந்திரி மூட்டைக்கு நடுவுல எனக்கே கண்ணு சொக்குச்சு. இருந்தாலும் விடல. அந்த ஃபோம்ல ஒரு துண்டு வாங்கிக்கினு வந்து வாசல்ல கொளுத்திப் பாத்தேன். கருகருன்னு புகைஞ்சு எரிஞ்சுது. வெட்டிப் போட்ட கரி தானாவே பத்திக்கற ஊருங்க இது. கேட்டப்புறம்தான் அந்த ஆள் வாயைத் தொறந்தார், நுரைக்கு மேல தீத்தடுப்புப் பூச்சு ஒண்ணு அடிக்கணும், நிறைய பேர் வேணாம்னு விட்டுடறாங்கன்னு. பூச்சு இல்லாம என் வீட்டு ஏணியில காலை வெக்காதீங்கன்னுட்டேன்.

பூச்சோட சேத்து ஃபோம் அடிச்ச அன்னைக்கும் மறுநாளும் வீட்டுக்குள்ள யாரும் போகக்கூடாது, அந்த நெடி நெஞ்சுக்கு ஆகாதுன்னு சொல்லியிருந்தார். நான் அக்கா வீட்டுக்குப் போயிட்டேன். இவர் நைட் ஷிஃப்ட் முடிச்சு, பைக்கை பஸ் ஸ்டாண்டுல விட்டுட்டு பஸ் ஏறி அங்க வரணும். ஒன்பது மணி ஆச்சு, ஆளைக் காணோம். பத்தாச்சு. ஃபோன் அடிக்குது, எடுக்கல. தூக்கக் கலக்கத்துல நேரா வீட்டுக்குப் போயி அந்த நெடியிலயே படுத்துட்டாரோன்னு பதறி, அடுத்த பஸ்ஸைப் புடிச்சேன். வழி பூரா வேண்டாத சாமி இல்ல.

பஸ்ஸை விட்டு இறங்கி ஆட்டோவுல வந்து பாத்தா வீட்டுல பூட்டு தொங்குது. நிம்மதியா ஒரு மூச்சு விடறதுக்குள்ள அந்தப் பள்ளத்து ஓரம் ஞாபகம் வந்துடுச்சு. தூங்காத மனுஷன் தூங்க எங்க போவார்? ஆட்டோக்காரரை எங்க பழைய ப்ளாக்குக்கு விடச் சொன்னேன்.

ஜன்னலெல்லாம் கழட்டிட்டுப் போயிருந்த எங்க குவார்ட்டர்ஸ் வராண்டாவுல, டிபன் பையைத் தலைக்கு வெச்சு, வாயைப் பொளந்துக்கினு தூங்கிக்கினு இருந்தார். "பஸ் ஸ்டாண்டுக்குதான் கிளம்பினேன். பைக்கு பழைய வழியிலயே வந்துடுச்சு" அப்படின்னார். திட்டித் தீத்தேன். திட்டும்போதே அழுகை வந்துடுச்சு.

அடுத்த வாரம் மறுபடி நைட் ஷிஃப்ட். காலைல வந்து புது ஃபோமுக்குக் கீழ படுத்தார். மத்தியானம் வழக்கம்போல கரண்ட் போச்சு, ஃபேன் நின்னுச்சு. நான் அடுப்பை அணைச்சுட்டு வந்து கதவோரம் நின்னேன். ரெண்டு நிமிஷம். பத்து நிமிஷம். அவர் புரண்டுகூடப் படுக்கல. அங்கயே தரையில உக்காந்து அந்தக் குறட்டையைக் கேட்டுக்கினே இருந்தேன்.

நாலு மணிக்கு எழுந்து கண்ணைக் கசக்கிக்கினே கேட்டார்:

"இன்னைக்குக் கரண்ட் போகலையா?"

"போச்சுங்க. இன்னும் வரல."