சம்பந்தியம்மாவுக்குச் சுட்ட பிஸ்கட்

சமையல் புத்தகம் படித்தவனுக்குச் சமையல் தெரியும் என்று ஐம்பது வயது வரை மனதார நம்பிக்கொண்டிருந்தவன் நான். என் அலமாரியில் ஒரு தட்டு முழுக்க அந்தப் புத்தகங்கள்தான். மாவு ஏன் உப்புகிறது, வெண்ணெய் ஏன் திரள்கிறது, சர்க்கரை எந்தச் சூட்டில் நிறம் மாறுகிறது என்று யாராவது கேட்டால் அரை மணி நேரம் பேசுவேன், கேட்காவிட்டாலும் பேசுவேன். ஆனால் அடுப்பில் பாலை வைத்துவிட்டு என்னை நம்பி யாரும் அந்த இடத்தை விட்டு நகர்ந்தது கிடையாது. இந்த மூடநம்பிக்கை யாருக்கும் தொந்தரவில்லாமல் என்னோடேயே போயிருக்கும். போகவிடாமல் செய்தவர் என் அத்திம்பேர். அக்காவின் கணவரான அவர்தான் ஒரு டிசம்பர் மாதத்தில், உலகத்திலேயே முதல் ஆளாக, என் சமையலறிவை நம்பினார்.

அந்த டிசம்பரை நினைத்தால் முதலில் கண்ணுக்கு வருவது வங்காளத்து ஜாதவ்பூரில் அக்கா வீட்டுச் சாப்பாட்டு மேஜையின் நடுவே, புது மாப்பிள்ளை மாதிரி உட்கார்ந்திருந்த மின்சார ஓவன். அதன் எதிரே முழுக்கை ஸ்வெட்டரும் குரங்குக் குல்லாயுமாக அத்திம்பேர். கையில் ஓவனோடு வந்த சிறு புத்தகம், காதில் பென்சில். கார்டன் ரீச்சில் ரயில்வே அலுவலகத்தில் சிக்னல் பிரிவிலேயே வேலை பார்த்து, ஓய்வுபெற இன்னும் கொஞ்ச காலம் இருந்த மனிதர். எந்த இயந்திரத்தையும் படிக்காமல் தொட மாட்டார். “இன்னிக்கு ட்ரையல் ரன். லோடு கிடையாது, வெறும் வண்டிதான்” என்றார். பிறகு ஸ்விட்சைப் போட்டார். நான், அக்கா, அக்காவின் பெண் மூவரும், உள்ளே ஒன்றுமே இல்லாத அந்தப் பெட்டியின் கம்பிகள் மெல்லச் சிவப்பதை ஏதோ வாணவேடிக்கை பார்ப்பதுபோல் குனிந்து பார்த்தோம். நாங்கள் அத்தனை பேரும் ஒரே விஷயத்துக்காகச் சந்தோஷப்பட்டு வெகுநாள் ஆகியிருந்தது.

அதற்குக் காரணம் உண்டு. அக்காவின் பெண், அதாவது என் மருமாள், கூட வேலை பார்க்கும் ஒரு வங்காளிப் பையனைக் கல்யாணம் செய்துகொள்வதென்று தீர்மானித்திருந்தாள். கிறிஸ்தவக் குடும்பம். அப்பா இல்லை, அம்மா பள்ளிக்கூடத் தலைமையாசிரியையாக இருந்து ஓய்வுபெற்றவர். அத்திம்பேர் சில மாதங்கள் யாரோடும் பேசாமல் இருந்து பார்த்தார், பிறகு பேசாமலிருப்பது அலுத்துப்போய் ஒப்புக்கொண்டார். ஒப்புக்கொண்ட கையோடு அக்காவையும் அழைத்துக்கொண்டு பையன் வீட்டுக்குப் போனார். அங்கேதான் விபத்து. அந்த அம்மாள் தன் கையால் செய்த பழக் கேக்கைக் கொண்டுவந்து வைத்திருக்கிறார். இவர் “முட்டை உண்டா?” என்று கேட்டிருக்கிறார். உண்டு என்றதும் கைகூப்பிவிட்டார். சரியென்று டீ வந்தது. நாலு மணிக்கு மேல் டீ குடித்தால் இவருக்குத் தூக்கம் வராது, அதற்கும் கைகூப்பினார். கடைசியில் தண்ணீர் வந்தது. ரயில்வேக்காரர், எங்கே போனாலும் தோளில் சொந்தத் தண்ணீர் பாட்டிலோடு போகிறவர்; படியேறிய களைப்பில் அப்போதுதான் அதிலிருந்து குடித்து முடித்திருந்தார். மூன்றாவது முறையும் கைகூப்பினார்.

வீட்டுக்கு வந்து இரண்டு நாள் கழித்து மருமாள் விஷயத்தை உடைத்தாள். “அவனோட அம்மாவுக்கு மனசு விட்டுப் போயிருக்குப்பா. எங்க வீட்டுல கை நனைக்க மாட்டா, ஆனா பொண்ணை மட்டும் குடுப்பாளான்னு கேட்டாளாம். இந்தக் கல்யாணம் வேண்டாம்னு அவனண்ட சொல்லிண்டிருக்கா.”

“நான் முட்டையைத்தானே வேண்டாம்னேன். மனுஷாளையா வேண்டாம்னேன்?”

“கேக் வேண்டாம், டீ வேண்டாம், தண்ணி வேண்டாம். மிச்சம் என்னப்பா இருக்கு, காத்துதான். நல்ல வேளை, மூச்சு விட்டே.”

 மறுவாரம் அத்திம்பேர் அந்த ஓவனை டாக்சியில் ஏற்றிக்கொண்டு வந்து இறங்கினார். கிறிஸ்துமஸுக்கு இந்த ஊரில் பொரோதின் என்று பெயர், பெரிய நாள். அதற்கு முதல் நாள் சாயங்காலம் அந்த அம்மாளைப் பையனோடு நம் வீட்டுக்கு அழைப்பது, அவர்கள் பண்டிகைப் பலகாரத்தை நம் வீட்டில் நாமே செய்வது, அவரோடு உட்கார்ந்து அதை நாமும் சாப்பிடுவது. இதுதான் அவருடைய திட்டம். “வாயால சொன்னா சமாதானம் மாதிரி இருக்கும். தின்னு காட்டணும்” என்றார். கேக் முட்டையில்லாமல் எழும்பாது, பிஸ்கட் எழும்ப வேண்டிய அவசியமே இல்லை என்று நான் புத்தக ஞானத்தில் ஒரு வார்த்தை சொல்லிவைத்தேன். அவ்வளவுதான், நான் தலைமைச் சமையல் ஆலோசகனாகிவிட்டேன்.

எனக்கு அந்த நாட்கள் கல்யாணத்தை விடவும் கல்யாணமாக இருந்தன. நியூ மார்க்கெட் நெரிசலில் மருமாளும் நானும் இடிபட்டு, நட்சத்திரம், மரம், மணி, மனிதன் என்று தகர அச்சுகளாகப் பொறுக்கினோம். கடைக்காரர் யானை அச்சு ஒன்றையும் தள்ளிவிடப் பார்த்தார். நானும் வாங்கிவிடப் பார்த்தேன். குளிர்காலத்தில் மட்டும் கிடைக்கும் நோலேன் குர் என்கிற பேரீச்ச வெல்லப்பாகை அத்திம்பேர் ஒரு மண்பானை நிறைய வாங்கி மடியில் வைத்துக்கொண்டு, பஸ் குலுங்கும்போதெல்லாம் அதைக் குழந்தையைப்போல் அணைத்துக்கொண்டு வந்தாராம். இஞ்சி பிஸ்கட் செய்வது என்று நான் முடிவு செய்திருந்தேன். மைதா, வெண்ணெய், வெல்லப்பாகு, சுக்கு, பட்டை, கிராம்பு. அத்திம்பேர் சப்பாத்திப் பலகையின் இரு ஓரத்திலும் இரண்டு ஸ்கேல்களைத் தண்டவாளம் மாதிரி ஒட்டி, கட்டை அவற்றின்மேல் ஓடும்படி மாவைத் தேய்த்துப் பழகினார். “கேஜ் மாறவே கூடாது” என்பார். அக்கா மட்டும் இடுப்பில் கைவைத்து நின்று, “ரெண்டு பேரும் சேர்ந்து என் சமையல்கட்டை சாந்த்ராகாச்சி ரயில் யார்டு ஆக்கிட்டேள்” என்றாள். ஆனால் அவள் முகத்தில் கோபம் இல்லை.

அந்த நாளும் வந்தது. காலையில் அத்திம்பேரும் மருமாளும் பிஸ்கட் அலங்காரத்துக்கு வண்ணப் பொடி வாங்கப் போயிருந்தார்கள். அக்கா மாடியில் துணி உலர்த்தப் போயிருந்தாள். மாவு என் பொறுப்பில் இருந்தது. சுக்கு டப்பாவைத் திறந்தால் அடியில் ஒரு சிட்டிகைதான். கடைக்கு ஓடியிருக்கலாம். ஆனால் படித்தவன் ஓட மாட்டான், யோசிப்பான். குளிர்சாதனப் பெட்டியைத் திறந்து யோசித்தேன். உள்ளே ஒரு ஜாடியில் அக்கா கிளறிய தீபாவளி லேகியம், கருகருவென்று மினுமினுத்துக்கொண்டு இருந்தது. அதில் என்ன இருக்கிறது? சுக்கு இருக்கிறது. வெல்லம் இருக்கிறது. நெய் இருக்கிறது, தேன் இருக்கிறது. ஒரு பண்டிகையின் மருந்து இன்னொரு பண்டிகையின் மசாலா. தேசம்தான் வேறே தவிரப் பொருள் ஒன்று என்று என் மூளை மேடையேறிப் பேச ஆரம்பித்துவிட்டது. மிளகும் ஓமமும் கண்டந்திப்பிலியும் அதில் இருப்பதை அது பேச்சில் சேர்த்துக்கொள்ளவில்லை. ஜாடியை வழித்து மாவில் போட்டுப் பிசைந்தேன். நிறம் அபாரமாக வந்தது. யாரிடமும் சொல்லவில்லை; சாப்பிட்டுவிட்டு எல்லோரும் அசந்துபோகும்போது சொல்வதாக இருந்தேன்.

பிஸ்கட் வெந்த வாசனை படிக்கட்டு வரை போயிருக்க வேண்டும். எதிர்வீட்டுக்காரர் கதவைத் திறந்து மூக்கை நீட்டி, “யாருக்காவது ஜலதோஷமா?” என்று வங்காளியில் கேட்டார். அதையும் நான் பாராட்டாகவே எடுத்துக்கொண்டேன். பிறகு அலங்காரம். பொடித்த சர்க்கரையைப் பாலில் குழைத்து, மருதாணிக் கூம்பு மாதிரி பிளாஸ்டிக் தாளைச் சுருட்டி, நுனியை வெட்டி உட்கார்ந்தோம். மருமாள் மரங்களுக்குப் பனி வைத்தாள். அத்திம்பேர் நட்சத்திரங்களுக்குச் சிவப்பு, மஞ்சள், பச்சையில் பொட்டு வைத்தார். எந்த நட்சத்திரத்திலும் சிவப்பும் பச்சையும் அடுத்தடுத்து வராமல் பார்த்துக்கொண்டார். மனிதர்களை நான் யாருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை. கண், மூக்கு, புருவம், சிலருக்கு மீசை. ஒருவர் கோபக்காரர், ஒருவர் அசடு, ஒருவர் எங்கள் பழைய மேனேஜர். ஒருவருக்குச் சட்டைப் பட்டி போடப்போய்க் கோடு தோளிலிருந்து இடுப்புக்குச் சரிந்துவிட்டது. அக்கா எட்டிப் பார்த்து, “இவருக்கு ஆவணி அவிட்டம் ஆயிடுத்து போலிருக்கே, அழிடா முதல்ல” என்றாள். நாலு பேரும் கண்ணில் நீர் வரச் சிரித்தோம். வெளியே வெயில் மஞ்சளாக இறங்கிக்கொண்டிருந்தது. மேஜை முழுக்க அந்தச் சின்னஞ்சிறு கூட்டம் பளபளவென்று படுத்திருந்தது. எனக்கு எழுந்து யாரிடமாவது ஓடிப்போய்க் காட்ட வேண்டும்போல் இருந்தது.

ஒரு பிஸ்கட்டையாவது யாராவது வாயில் போட்டுப் பார்த்திருக்கலாம். ஆனால் அக்கா வீட்டில் நைவேத்தியம் ஆகும் முன்னே எதையும் ருசி பார்க்கும் வழக்கமில்லை. சுவாமிக்கு மட்டுமல்ல, விருந்தாளிக்கு என்று செய்ததற்கும் அதே சட்டம். உப்பு சரியா என்று கேட்டால் அக்கா முகர்ந்து பார்த்துச் சொல்வாள். அந்தக் கட்டுப்பாட்டின் பலனாக அத்தனை பிஸ்கட்டும் தீண்டப்படாமல் வெள்ளித் தட்டில் ஏறின.

நாலரைக்கு வந்தார்கள். அந்த அம்மாள் சால்வையை இழுத்துப் போர்த்தி, பள்ளிக்கூடத்தைச் சோதனையிட வந்தவர்போல் நிமிர்ந்து உட்கார்ந்தார். பையன் சோபாவின் ஓரத்தில் ஒட்டிக்கொண்டிருந்தான். அத்திம்பேர் கண்ணாடி முன் ஒத்திகை பார்த்திருந்த வங்காளியில், இது உங்கள் பொரோதினுக்காக எங்கள் கையால் செய்தது, நாம் எல்லோரும் சேர்ந்து சாப்பிட வேண்டும் என்றார். அந்த அம்மாள் ஒரு மனிதனை எடுத்துத் தலையைக் கடித்தார். அத்திம்பேர் ஒரு நட்சத்திரத்தைக் கடித்தார். அக்கா ஒரு மணியைக் கடித்தாள்.

கடித்த அக்காவின் பார்வை பிஸ்கட்டிலிருந்து குளிர்சாதனப் பெட்டிக்குப் போய், அங்கிருந்து நேரே எனக்கு வந்தது. “டேய்” என்றாள். 

“எடா கீ?” என்றார் அந்த அம்மாள். இது என்ன என்று அர்த்தம். குரலில் கோபம் இல்லை. கோபத்துக்கு முந்திய நிலையம். மருமாளின் முகம் வெளுத்துவிட்டது. போன தடவை இவர்கள் எதையும் வாங்கிச் சாப்பிடவில்லை. இந்தத் தடவை தொண்டை எரிகிற எதையோ மீசை வரைந்து கொடுத்திருக்கிறார்கள். அந்த அம்மாள் அப்படித்தானே நினைப்பார்? கேட்காமலே அரை மணி நேரம் பேசுகிற நான் அப்போது ஒரு மரத்தை எடுத்து அதன் பனியைச் சுரண்டிக்கொண்டிருந்தேன். அத்திம்பேர் இதற்குள் நட்சத்திரத்தை விழுங்கி எல்லாவற்றையும் புரிந்துகொண்டுவிட்டார். என்னைக் கை காட்டியிருந்தால் முடிந்தது. காட்டவில்லை. எழுந்து நின்று லேகியத்துக்கு வங்காளியில் வார்த்தை தேடினார். கிடைக்காமல், வேறு வழியில்லாமல், “ஔஷதம்” என்றார்.

“ஓஷுத்?” என்றார் அந்த அம்மாள். அவர்கள் பாஷையிலும் மருந்துக்கு அதேதான் சொல்.

“ஓஷுத், ஓஷுத்” என்று அதைப் பிடித்துக்கொண்டு அத்திம்பேர் ஏறினார். தப்பும் தவறுமான வங்காளியில் சொன்னார். எங்கள் பெரிய நாளில் விடியற்காலை எண்ணெய் தேய்த்துக் குளித்தவுடன் இனிப்புக்கும் முன்னால் இதைத்தான் வாயில் வைப்போம். வீட்டில் பெரியவர் உருட்டிக் கையில் கொடுப்பார். கொஞ்சம் திணறிவிட்டுச் சொன்னார், வெளியாட்களுக்குக் கொடுக்கிற வழக்கமில்லை. ஷுது பாடிர் லோக். வீட்டு மனிதர்களுக்கு மட்டும்.

என்னைக் காப்பாற்றத்தான் ஆரம்பித்தார். ஆனால் அவர் சொன்னதில் பொய் ஒரு வார்த்தை இல்லை. விருந்தாளிக்கு யார் லேகியம் உருட்டிக் கொடுப்பார்கள்?  “பாடிர் லோக்” என்று அந்த அம்மாள் தனக்குள் சொல்லிப் பார்த்தார். பிறகு கையிலிருந்த மனிதனின் மார்பு, கை, கால் எல்லாவற்றையும் நிதானமாக, இருமலை அடக்கிக்கொண்டு, சாப்பிட்டு முடித்தார். டீ கேட்டார். அத்திம்பேர், நாலு மணிக்கு மேல், தானும் ஒரு கோப்பை எடுத்துக்கொண்டார். அதைப் பார்த்த பிறகுதான் அந்த அம்மாள் பையிலிருந்து ஒரு டப்பாவை வெளியே எடுத்தார். முட்டையில்லாத கேக். “எழும்பவே இல்லை” என்றார், சற்று வெட்கத்தோடு. செங்கல்லை ஒத்த அதில் இரண்டு துண்டுகளை அத்திம்பேர் கடித்து, மென்று, வென்றார். வாசலில் செருப்பை மாட்டும்போது அந்த அம்மாள் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு, கல்யாணத்துக்குப் பிறகு பெண் எங்கே இருக்க ஆசைப்படுகிறாள் என்று கேட்டார். மருமாள் உள்ளே ஓடிப்போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அழுதாளா சிரித்தாளா என்று தெரியாது. இரண்டு சத்தமும் கேட்டது.

இப்போது அத்திம்பேர் ஓய்வுபெற்று அக்காவோடு கோயம்புத்தூருக்குப் போய்விட்டார். ஓவனை எனக்குக் கொடுத்துவிட்டுப் போனார், அந்தச் சிறு புத்தகத்தோடு. டிசம்பர் வந்தால் அதைத் துடைத்து வைக்கிறேன். வெறும் வண்டியாக ஒரு தடவை ஓட்டியும் பார்க்கிறேன். கம்பி சிவக்கும்போது பக்கத்தில் குனிந்து பார்க்க ஆளில்லை என்பதுதான் குறை.

ஆனால் அன்றைய ராத்திரி எனக்கிருந்த பெருமை சொல்லி முடியாது. இரண்டு குடும்பங்களை, இரண்டு மதங்களை, ஒரு ஜாடி லேகியத்தால் ஒட்டவைத்தவன் நான் என்று அக்காவிடம் பலமுறை சொன்னேன். என் கைவண்ணத்தில் உருவான அந்த முகங்கள்தான் அவர் மனதை முதலில் இளக்கியிருக்கும் என்றும் சொன்னேன். மறுநாள் காலை மருமாளுக்குப் போன் வந்தது. பேசி முடித்துவிட்டு வந்து என் எதிரே உட்கார்ந்தாள்.

“மாமா, அவனோட அம்மாதான் பேசினா. நேத்து சாப்பிட்டதெல்லாம் நன்னா ஜீரணமாயிடுத்தாம், மருந்து ரொம்ப நன்னா கேட்டுதுன்னு எல்லார்கிட்டயும் சொல்லச் சொன்னா. ஒரே ஒரு சந்தேகமாம். மருந்துக்கு எதுக்கு மூக்கும் முழியும் போட்டிருக்கு, உங்காத்துல பெரியவாளும் பொம்மை காட்டினாத்தான் முழுங்குவாளான்னு கேட்டா.”