பத்தொன்பது முடிச்சுகள்

அந்தப் பட்டுக்கடை முதலாளியின் வீட்டு மாடியில் யுத்தம் ஏழு படிகளில் அடுக்கப்பட்டிருந்தது. நவராத்திரிக்குக் கொலு வைக்கும் அதே மரப்படிகள்தான். பொம்மைகள் பெட்டிக்குள் போன மறுநாள் வெள்ளைத் துணியை மாற்றிவிட்டு, மேல்படியில் இரும்புத் தொப்பிகள் மூன்றை வைப்பார். அதற்குக் கீழே துப்பாக்கி முனையில் செருகும் கத்தி, திசைகாட்டி, தண்ணீர்க் குப்பி, வாழைமரம் அச்சிட்ட ஜப்பான்காரர்களின் நோட்டுகள், காலித் தோட்டாக்கள். கடைசிப் படியில் மட்டும் கண்ணாடிப் பெட்டி. மயிலிறகு விசிறியால் தினமும் தூசி தட்டுவார். பட்டாளத்துக்கு ஆள் எடுத்தபோது மார்பு அளவு போதவில்லை என்று தன்னைத் திருப்பி அனுப்பியதை அவரே ஒருமுறை என்னிடம் சொன்னார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார்.

நான் அப்போது பெரிய காஞ்சிபுரத்தில் ஒரு வாடகை அறையில் இருந்தபடி சென்னை நாளிதழ் ஒன்றுக்கு ஊர்ச் செய்தி அனுப்பிக்கொண்டிருந்தேன். அந்தப் படிகளைப் பற்றி அரைப் பத்தி எழுதினேன். வேலூர், ஆரணிப் பக்கமிருந்தெல்லாம் பழைய சிப்பாய்கள் மூட்டையோடு வந்து இறங்கினார்கள். ஒருவர் வெள்ளைக்கார அதிகாரியின் சவரக் கத்தியைக் கொண்டுவந்தார். முதலாளி அதையும் வைத்துக்கொண்டார்.

ஆனால் படிகளில் இருந்தவற்றில் பாதிக்கு மேல் ஒரே மனிதர் கொண்டுவந்தவை. அவர் பர்மாவில் சண்டை போட்ட ஹவில்தார். ஊர் திருப்புட்குழி. பென்ஷன் வாங்கிக்கொண்டு, காஞ்சிபுரத்தில் ஒரு அரிசி ஆலையில் காவல் வேலை பார்த்தார். பெட்டியில் கிடந்த பொருள்களை வருஷத்துக்கு ஒன்றாக முதலாளியிடம் கொடுத்தார். பதிலுக்கு எதுவும் கேட்டதில்லை. ஒன்றை மட்டும் கொடுக்காமல் வைத்திருந்தார்.

வங்காளத்தில் சண்டை வரப்போகிறது என்று எல்லோரும் பேசிய அந்த ஐப்பசியில் அதையும் கொண்டுவந்தார். நான் மாடியில் இருந்தேன். சாண் அகலத்தில், இடுப்பை ஒரு சுற்றுச் சுற்றிக் கட்டுகிற நீளத்தில் ஒரு பருத்தித் துணி. வெள்ளை பழுத்து மஞ்சளாகியிருந்தது. அதன்மேல் வரிசை வரிசையாகச் சிவப்பு நூல் முடிச்சுகள், நெல் தூவினாற்போல். ஓரிடத்தில் சுண்டுவிரல் நுழையும் ஓட்டை. அதைச் சுற்றி உள்ளங்கை அளவுக்குப் பழுப்புக் கறை. கறை பட்ட இடத்தில் நூல் இற்று, முடிச்சுகள் உதிர்ந்திருந்தன.

"ஜப்பான்காரன் இடுப்புத் துணி," என்றார் ஹவில்தார்.

"இத்தினி நாளா எங்கய்யா ஒளிச்சு வெச்சிருந்த?" முதலாளியின் கை அதற்குள் துணியின் மேல் இருந்தது.

"புள்ள எல்லைல நிக்கிறான் முதலாளி. லீவு கேன்சலாம், லெட்டர் வந்துச்சு. இது என் வூட்ல இருக்கக் கூடாது. தூக்கிப் போடவும் மனசு வரல. கண்ணாடி உள்ள வெச்சிரு. யாரும் தொடாம இருக்கட்டும்."

மகனுக்கு அவன் அம்மா தர்காவில் மந்திரித்த தாயத்தைக் கட்டி அனுப்பியிருந்ததாகவும் சொன்னார். அதைச் சொல்லும்போது குரல் கொஞ்சம் தாழ்ந்தது. அவர் இறங்கிப் போன பிறகு முதலாளி என்னிடம் ஒரு இன்லேண்டு கடிதத்தை நீட்டினார். "பட்டாளத்தார் பையனுக்கு ஒரு கடுதாசி எழுதியிருக்கேன் சார். அட்ரஸ் இங்கிலீஷ்ல எழுதணும், நீங்க எழுதிக் குடுத்துடுங்க." சிப்பாய் எண், படைப்பிரிவு, ராணுவத் தபால் நிலையம் எல்லாவற்றையும் ஒரு துண்டுத் தாளில் வைத்திருந்தார். அச்சு எழுத்தில் பிழையில்லாமல் எழுதிக் கொடுத்தேன். உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று நான் கேட்கவில்லை. கேட்பதுதான் என் தொழில்.

கார்த்திகையில் ஒரு நாள் ஹவில்தார் என் அறைக்கு வந்து, "அந்தத் துணிய ஒரு தடவ பாத்துட்டு வரலாம், வரீங்களா சார்?" என்றார். தனியாகப் போக விருப்பமில்லாதது தெரிந்தது. போனோம்.

முதலாளி கண்ணாடிப் பெட்டியைத் திறந்து துணியை எடுத்து அவர் கையிலேயே கொடுத்தார். முகமெல்லாம் மகிழ்ச்சி.

"பட்டாளத்தாரே, கண்ண மூடிக்கினு தடவிப் பாரு. எங்க இருந்துச்சுன்னு கண்டுபுடி பாப்போம்."

ஹவில்தார் கண்ணை மூடவில்லை. ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை விரலால் தடவினார். திருப்பிப் போட்டுத் தடவினார். கறை இல்லை. ஓட்டை இல்லை. துணி துவைத்து இஸ்திரி போடப்பட்டிருந்தது. முடிச்சு வரிசைகள் ஓரிடத்திலும் விட்டுப்போகாமல் ஓடின.

"எங்க?" என்றார். "என் ஓட்ட எங்க?"

"ஓட்டையோட எப்படிய்யா வெக்கிறது? நாலு பேர் பாக்குற பொருளு. எங்க கடைல ஒரு இழை விட்டிருந்தாலே புடவைய மடிச்சு உள்ள வெச்சிருவோம். நம்ம பாவு பிணைக்கிற அம்மாகிட்ட குடுத்தேன். தறில தீந்த பாவு முனைல புதுப் பாவ இழை இழையா பிணைக்கிற கையி அது. அது பிணைச்சா கடவுளுக்கே தெரியாது."

முதலாளி அவருடைய குழப்பத்தைப் புரிந்துகொள்ளாமல், பாராட்டை நேரில் கேட்கட்டும் என்று அந்தப் பெண்மணிக்கு ஆள் அனுப்பினார். பின் தெருதான். ஐந்து நிமிஷத்தில் வந்துவிட்டார். நாற்பது வயதிருக்கும். இழை வழுக்காமலிருக்கத் தொட்டுக்கொள்ளும் சாம்பல் விரல் நுனிகளில் அப்படியே இருந்தது.

"எதுனா பிசகாயிடுச்சா முதலாளி?"

"பிசகா? சொல்லும்மா, எப்படிச் செஞ்சேன்னு இவருக்குச் சொல்லு."

"ஓட்டைய அடைக்கிறது ஒண்ணும் பெருசில்லண்ணே," என்றார் அவர் ஹவில்தாரைப் பார்த்து. "பழைய துணில இழை உருவி அடச்சிட்டேன். முடிச்சுதான் ரெண்டு நாள் தூங்க விடல. எண்ணிப் பாத்தேன், பத்தொம்போது உதிந்திருந்துச்சு. சரி, போட்டுர்லாம்னு உக்காந்தா, பக்கத்து முடிச்சப் பாக்குறேன், ஒண்ணு வலது பக்கம் சுத்தியிருக்குது, அடுத்தது இடது பக்கம். ஒண்ணு இறுக்கி, ஒண்ணு தொளதொளன்னு. ஒண்ணு கெழவி கை, நடுக்கம் தெரியுது. அதுக்கு அடுத்தது சின்னப் பொண்ணு. ஒரு முடிச்சு போட்ட கை இன்னொரு முடிச்சு போடல. இத்தினி முடிச்சும் இத்தினி கை. நானே பத்தொம்போதும் போட்டா அங்க மட்டும் ஒரே கையா பளிச்சுன்னு தெரியும்."

"அப்புறம்?" என்றேன்.

"அப்புறம் என்னா சார், ஊசியும் அரக்குப் பட்டு நூலும் எடுத்துக்கினு தெருவுல எறங்கிட்டேன். வூட்டுக்கு ஒரு முடிச்சு. 'ஏன்டி, உனக்கு வேலை இல்லியா'ன்னாளுங்க. போட்டுக் குடுங்கடின்னு பத்தொம்போது பொம்பளைங்க கிட்ட வாங்கிக்கினு வந்தேன். ஒருத்தி முழுகாம இருக்கறா, அவ கூட போட்டா."

முதலாளி கைதட்டினார். ஹவில்தார் கீழே உட்கார்ந்துவிட்டார்.

அவர் சொன்னதை அன்று மாலை அறைக்கு வந்து குறித்துவைத்தேன். சண்டை முடிந்தபின் அவர் ரங்கூனில் ஜப்பான் கைதிகளுக்குக் காவல் இருந்திருக்கிறார். ஒரு நாள் அவர் பையில் இந்தத் துணியைப் பார்த்த கைதி ஒருவன் தலை குனிந்து நின்றிருக்கிறான். மொழிபெயர்ப்பாளரை வைத்து விசாரித்தபோது தெரிந்தது. அவர்கள் நாட்டில் பிள்ளை சண்டைக்குப் போகும்போது அவன் தாய் இப்படி ஒரு துணியோடு தெருவில் நிற்பாள். போகிற வருகிற பெண்களிடமெல்லாம் ஆளுக்கு ஒரு முடிச்சு கேட்பாள். ஆயிரம் பேர். ஆயிரம் முடிச்சு ஆனதும் பிள்ளையின் இடுப்பில் கட்டுவாள். குண்டு படாது என்று நம்பிக்கை.

"பட்டுச்சு," என்றார் ஹவில்தார். "ஆத்தங்கரைல. என் குண்டுதான். இருபது அடி இருக்கும். அந்த ஓட்டையத்தான் இத்தினி வருசமா பாத்துக்கினு இருந்தேன். அவன் செத்துட்டான்றதுக்கு அது ஒண்ணுதான் என்கிட்ட இருந்துச்சு. இப்ப அத அடச்சு, அவங்க அம்மா நின்ன மாதிரியே தெருவுல நின்னு முடிச்சு வாங்கி முழுசாக்கிட்டீங்க. அவன் எழுந்து நிக்கிறான்மா. என் புள்ள அங்க நிக்கிறான்."

முதலாளிதான் முதலில் வாய் திறந்தார். "சார், இந்தக் கதைய ஒரு அட்டைல அழகா எழுதிக் குடுங்க. பக்கத்துல வெக்கலாம்."

"அந்தப் பத்தொம்போத அவுத்துடும்மா," என்றார் ஹவில்தார்.

அந்தப் பெண்மணி துணியைத் தொடவில்லை. விரலில் இருந்த சாம்பலைப் புடவையில் துடைத்துக்கொண்டார். "பிணைச்சத அவுக்கற பழக்கம் எனக்கு இல்லண்ணே. அதுவும் புள்ளைக்குன்னு கட்டுறதுன்னு சொல்லிட்டே. உன் புள்ளைக்குக் கட்டுனதா நெனச்சுக்கோயேன்."

"அது வேற ஒரு புள்ள பேர்ல கட்டுனதும்மா."

துணியை மடித்துக் கண்ணாடிப் பெட்டியின் மேல் வைத்துவிட்டு அவர் இறங்கினார். படியில் அவர் கை சுவரைப் பிடித்தபடி போனதைப் பார்த்தேன். அட்டையை நான் எழுதிக் கொடுக்கவில்லை. முதலாளி வேறு யாரிடமோ எழுதி வாங்கி வைத்தார்.

இரண்டு வாரத்துக்குள் சண்டை மூண்டது. சென்னையிலிருந்து முதல் பஸ்ஸில் பேப்பர் கட்டு வரும். அது பிரிக்கப்படும்போது ஹவில்தார் ஆலை வேலை முடிந்து நேரே வந்து நிற்பார். "பேர் எதுனா போட்டிருக்கா சார்?" என்பார். இல்லை என்பேன். "நல்லா பாத்தீங்களா?" என்பார். ஒரு நாள் வானொலியில் நம் படை ஒரு ஆற்றைக் கடந்த செய்தி சொன்னார்கள். அவர் என் மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டு, "ஆத்தங்கரையா?" என்று கேட்டார். முடிச்சுப் போட்ட அந்தத் தெருப் பெண்களும் விஷயம் அறிந்திருந்தார்கள். குழாயடியில் என்னைப் பார்த்தால் குடத்தைக் கீழே வைத்துவிட்டு, "பட்டாளத்துப் புள்ள எப்படி இருக்குது சார்?" என்று கேட்பார்கள். தாங்கள் போட்ட முடிச்சு யார் பக்கம் நிற்கிறது என்று அவர்களுக்குத் தெரியவில்லை. எனக்கும் தெரியவில்லை.

சண்டை முடிந்தது. கடிதம் வரவில்லை. பொங்கலுக்குப் பிறகுதான் மூன்று வரியில் ஒன்று வந்தது. மகன் உயிரோடு இருந்தான்.

பங்குனி உற்சவ நெரிசலில் அவன் பஸ்ஸிலிருந்து இறங்கினான். செய்திக்காக நானும் போயிருந்தேன். ஹவில்தார் மகனின் தோளை, மார்பை, வயிற்றைச் சட்டைக்கு மேலாகத் தடவிப் பார்த்தார். அன்று மாடியில் துணியைத் தடவிய அதே விரல்கள். மகன் கூச்சத்தில் சிரித்தான். "என்னாப்பா இது, ஜனங்க பாக்குறாங்க."

அவன் வலது கையில் கறுப்புக் கயிற்றில் தாயத்து இருந்தது. அவர் அதைத் தொட்டுக்கொண்டிருக்கும்போதே மகன் பையில் கைவிட்டு, அதைப் போலவே இன்னொன்றை எடுத்தான். அதே மாதிரி வெள்ளிக் குழல், அதே கறுப்புக் கயிறு. ஹவில்தார் மகனின் கையையும் உள்ளங்கையையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இது யாருது?"

"எதிராளி ஒருத்தன்து. முதலாளி லெட்டர் போட்டிருந்தாரேப்பா, 'நம்ம ஊருக்கு எதுனா ஒண்ணு கொண்டாப்பா'ன்னு. அட்ரஸ் கூட இங்கிலீஷ்ல முத்து முத்தா எழுதியிருந்துச்சு. இல்லாட்டி அந்தக் கலவரத்துல என் கைக்கு எங்க வந்து சேரும்?"

ஹவில்தார் என் பக்கம் திரும்பவில்லை. தாயத்தை வாங்கி வெயிலில் பிடித்தார். திருப்பினார். மறுபடியும் திருப்பினார்.

"என்னாப்பா தேடுற?"

"ஒண்ணுமில்ல."

கயிறு கத்தியால் அறுக்கப்பட்டிருந்தது. முடிச்சு அவிழாமல் அப்படியே இருந்தது. இறுக்கமான, சின்ன முடிச்சு, இரண்டு முறை சுற்றிப் போட்டது. அவர் அதை இரண்டு விரலுக்கிடையில் வைத்துக்கொண்டு, கூட்டம் இடித்துக்கொண்டு போகப் போக, அங்கேயே நின்றிருந்தார்.

"யாரு கட்டுனது?" என்றார்.

"எனக்கு எப்படிப்பா தெரியும்?" என்றான் மகன்.

அது முதலாளியின் படிக்கு வரவில்லை. கண்ணாடிப் பெட்டிக்குப் பக்கத்தில் அவர் அதற்காக ஒதுக்கிய இடம் ரொம்ப நாள் காலியாகவே இருந்தது. பெட்டிக்குள் இருந்த துணியில் பழைய முடிச்சுகள் வருஷா வருஷம் வெளுத்துக்கொண்டே போயின. அரக்குப் பட்டு வெளுக்கவில்லை. மாடி வாசலில் நின்றே அந்தப் பத்தொன்பதையும் எண்ணிவிடலாம்.

போரிலிருந்து காஞ்சிபுரம் இளைஞர் நலமாகத் திரும்பினார் என்று, மகன் பஸ்ஸிலிருந்து இறங்கிய அன்று நான்கு வரிச் செய்தி அனுப்பினேன். நான்கு வரியும் உண்மை.