மூன்று மாதச் சர்க்கரை

ஹபீபுன்னிசாவுக்கு இரண்டு கண்ணிலும் புரை. பீளமேட்டில், ஐ.டி. கம்பெனிகளுக்கு டயட் சாப்பாடு அனுப்பும் சமையற்கூடத்தில் காய் நறுக்குகிறார். போன வாரம் காலிஃப்ளவர் புழு ஒன்று அவர் கண்ணுக்குத் தப்பி டப்பாவுக்குள் போய்விட்டது. "கண்ணச் சரி பண்ணிட்டு வாங்க. இல்லாட்டி வேற ஆளப் பாத்துக்கறோமுங்க" என்றுவிட்டார் முதலாளி.

அரசு ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் இலவசம்தான். ஆனால் சர்க்கரை இறங்கினால்தான் செய்வார்கள். ஏற்கெனவே ஒருமுறை, "சோத்தக் கொறைங்க, காய் நெறையச் சாப்பிடுங்க" என்று திருப்பி அனுப்பியிருந்தார்கள். நல்ல வேடிக்கை! பகலெல்லாம் அவர் கையில் புரள்வது காய்தான். ஒரு துண்டு கேரட்டை வாயில் போட்டால் கேமராவில் தெரியும். மீந்ததெல்லாம் மாட்டுப்பண்ணைக்குப் போய்விடும். சம்பளத்தை வாடகை விழுங்க, வீட்டில் மூன்று வேளையும் ரேஷன் அரிசிச் சோறும் புளி ரசமும்தான். மகன் ஷாஹுல் ஓசூருக்குக் குடிபோனதிலிருந்து, ரசத்தில் உப்புக் கூடினால்கூடச் சொல்ல ஆளில்லை.

வருடா வருடம் நோன்பு பிடிக்கிறவருக்குப் பட்டினி ஒரு பெரிய காரியமா? சர்க்கரை இறங்கட்டுமென்று, மறுபடி ஆஸ்பத்திரிக்குப் போவதற்கு முந்தைய இரண்டு நாளும் தண்ணீரைத் தவிர எதையும் தொடவில்லை. நோன்பென்றால் சாயங்காலம் பள்ளிவாசல் கஞ்சி உண்டு, தூக்குப்போசியோடு வரிசையில் நின்று பேச நாலு பெண்கள் உண்டு. இந்தப் பட்டினிக்கு ஒருவரும் இல்லை.

காலையில் ரத்தம் எடுக்க வந்த நர்ஸ் பிரவீனா, "சாப்ட்டீங்களாம்மா?" என்றாள். பரிசோதனைக்காக எல்லோரிடமும் கேட்பதுதான். ஆனாலும் ஹபீபுன்னிசா அவள் முகம் இருந்த பக்கம் நிமிர்ந்து பார்த்தார். யாரும் அவரை அப்படிக் கேட்டு வெகுகாலம் ஆகிவிட்டது.

"இல்ல கண்ணு."

விரலில் குத்திப் பார்த்ததில் சர்க்கரை இறங்கித்தான் இருந்தது. மனசு துள்ளியது. மத்தியானம் பிரவீனா இன்னொரு ரிசல்ட்டோடு வந்தாள்.

"இது மூணு மாசச் சர்க்கரைங்கம்மா, மூணு மாசத்துச் சராசரி. ஒண்ணு ரெண்டு நாள் பட்டினி கெடந்தா இதுல எறங்காதுங்க. ரொம்ப ஜாஸ்தியா இருக்குது. அடுத்த தடவ பாக்கலாம். ஊட்டுல இருக்கறவங்களப் பக்குவமாச் செஞ்சு தரச் சொல்லுங்க."

"சொல்றேன் கண்ணு."

முதலாளிக்குப் போன் போட்டுச் சொன்னார். "பரவாயில்லீங்க, ஊட்லயே இருந்துக்குங்க" என்று மரியாதையாகவே வேலையை விட்டு நிறுத்திவிட்டார் அவர்.

வீடு வந்து சேர்ந்தபோது பசி காதை அடைத்தது. ரேஷன் அரிசியைத் தட்டில் கொட்டி, விரலால் தடவித் தடவிக் கல் பொறுக்கி உலையில் போட்டார். வெந்ததும் வடித்துத் தட்டில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்.

"சாப்ட்டீங்களாம்மா?" என்று தன்னையே ஒருமுறை கேட்டுக்கொண்டார். பிறகு சோற்றில் கை வைத்தார்.