மச்சான் சொன்ன ஹெட்டர்

திருப்பாதிரிப்புலியூரில் கண்ணாயிரத்துக்குச் சைலன்சர் பட்டறை. பதினெட்டு வருஷமாக அந்தப் பக்கத்தில் எந்த வண்டியின் குழாய் உடைந்தாலும் அவர்தான் பற்றவைப்பார். 2008-ல் அவர் மனைவி அமராவதியின் தம்பி பழனிவேல், கோயமுத்தூரில் வேலை கற்றுத் திரும்பிச் சிதம்பரத்தில் கடை போட்டான். ரேஸ் கார் வேலை மட்டும்தான். ஆறே மாதத்தில் பாண்டிச்சேரியிலிருந்தெல்லாம் வண்டி வந்தது. "தம்பி போட்டோ பேப்பர்ல வந்திருக்குது, பாத்தீங்களா?" என்று அமராவதி நீட்டியபோது, கண்ணாயிரம் பாதிச் சோற்றில் எழுந்து கை கழுவினார்.

அந்தச் சமயத்தில்தான் மஞ்சக்குப்பத்து பிரிசில்லா வந்தாள். பேங்கில் வேலை, லீவு நாளில் பழைய எஸ்டீம் காரை எடுத்துக்கொண்டு மண் தடப் பந்தயத்துக்குப் போகிறவள். எஞ்சினின் நாலு சிலிண்டரிலிருந்தும் புகையை வெளியே கொண்டுவரும் ஹெட்டர் குழாயைப் புதிதாகச் செய்ய வேண்டும்.

"நாலையும் ரெண்டு ரெண்டா சேத்து, அப்புறம் ஒண்ணாக்கணும்னு பழனிவேல் சொல்றாரு. வேல ஜாஸ்தி, ரெண்டு மாசம் ஆவுமாம். பந்தயம் அடுத்த மாசம். நீங்க என்ன சொல்றீங்க?"

வளைவு நிறைந்த தடம். குறைந்த வேகத்திலேயே எஞ்சின் இழுக்க வேண்டும். அவன் சொன்னதுதான் பொருத்தம் என்று கண்ணாயிரத்துக்குத் தெரியும். ஆனால் அந்தப் பெயரைக் கேட்டதும் வாய் வேறு சொன்னது.

"அவனுக்கு என்னம்மா தெரியும்? நாலையும் ஒரே எடத்துல சேத்துடலாம். பவர் அள்ளும்."

அழகாகத்தான் செய்தார். பந்தயத்தன்று பார்க்கவும் போனார். நேர்த் தடத்தில் கார் சீறியது. வளைவுக்கு வளைவு மூச்சு முட்டித் திணறியது. பிரிசில்லா கடைசிக்கு முந்தின இடம்.

"எனக்குத்தான் ஓட்டத் தெரியல போலண்ணே" என்றாள்.

அவருக்குச் சுருக்கென்றது. "ஓட்டுனதுல தப்பில்லம்மா. அவன் சொன்னதுதான் சரி. தெரிஞ்சேதான் மாத்திச் சொன்னேன்."

அவள் ஹெல்மெட்டைக் கழற்றிச் சீட்டில் போட்டாள்.

மறுநாள் காலை கண்ணாயிரம் சிதம்பரம் போனார். "வாங்க மாமா" என்று நாற்காலியை இழுத்துப் போட்டான் பழனிவேல். அவர் உட்காரவில்லை.

"அந்தப் பொண்ணு வண்டிய மொதல்ல எடு மச்சான். நான் கெடுத்துட்டேன்."

"ஏழு வண்டி நிக்குது மாமா. நீங்க பத்தவச்சுக் குடுத்தா இந்த வாரமே முடிச்சிடலாம். ஒங்க வெல்டிங் எனக்கு வராது."

மூன்று நாள் மச்சான் கடையில் நின்று, அவன் சொன்ன அளவுக்குப் பற்றவைத்துக் கொடுத்தார். அடுத்த பந்தயத்தில் பிரிசில்லா மூன்றாவதாக வந்தாள். அதன்பிறகு வண்டியை வேலைக்குச் சிதம்பரத்துக்கே கொண்டுபோனாள். பட்டறையை அது தாண்டும்போது சத்தத்தை வைத்தே கண்ணாயிரம் அந்தக் காரைக் கண்டுகொள்வார். இழுப்பு நன்றாகத்தான் இருந்தது. அவருக்கு வயிறு எரியத்தான் செய்தது.